பிசியோ கிளம்பிப் போன பிறகு

வணக்கம் நேயர்களே.

பக்கவாதம் வந்து மருத்துவமனையில் இருந்தவரை வீட்டுக்குக் கூட்டி வந்தாகிவிட்டது. ஹாலில் இருந்த சோபாவை நகர்த்திவிட்டு வாடகைக் கட்டிலைப் போட்டாயிற்று. ஏஜென்சியிலிருந்து காலை எட்டு மணிக்கு ஓர் அட்டெண்டர் வருகிறார், இரவு எட்டு மணிக்கு இன்னொருவர் வந்து மாற்றிவிடுகிறார். பிசியோதெரபிஸ்ட் வருகிறார், முக்கால் மணி நேரம் பயிற்சி கொடுக்கிறார், அடுத்த வீட்டுக்கு வண்டியைக் கிளப்புகிறார். ஒரு நாளில் அந்த 45 நிமிடம் போக மீதி இருப்பது 23 மணி 15 நிமிடம். இன்றைய பேச்சு அந்த மீதி நேரத்தைப் பற்றித்தான். அப்போது அவரை எப்படிப் படுக்க வைக்கிறோம், எங்கே பிடித்துத் தூக்குகிறோம், எந்தப் பக்கம் நின்று பேசுகிறோம், எப்படி ஊட்டுகிறோம் என்பதெல்லாம் சிகிச்சையில் சேர்ந்ததே. பிசியோ முக்கால் மணி நேரத்தில் சம்பாதித்ததை ஒரே ஒரு தவறான தூக்கலில் இழந்துவிட முடியும். முதல் மூன்று மாதங்களில்தான் மீட்சி வேகமாக நடக்கும் என்பதால் அந்த இழப்பின் விலையும் அதிகம்.

தோளிலிருந்து தொடங்குகிறேன், வீடுகளில் அதிகம் கெட்டுப்போவது அதுதான். தோள் மூட்டின் கிண்ணம் ஆழமே இல்லாதது. மேற்கை எலும்பின் உருண்டைத் தலையை அதில் இழுத்துப் பிடித்திருப்பது சுற்றியுள்ள தசைகள். பக்கவாதம் வந்த முதல் வாரங்களில் அந்தத் தசைகள் தளர்ந்துவிடுகின்றன. ஒரு கையின் எடை உடல் எடையில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. 60 கிலோ மனிதர் என்றால் 3 கிலோ. அந்த 3 கிலோ பிடிமானமில்லாமல் தொங்கிக்கொண்டே இருந்தால் எலும்பு கிண்ணத்தை விட்டுக் கீழே இறங்கும். தோளின் மேல்முனை எலும்புக்குக் கீழே விரலை வைத்துப் பாருங்கள். இரண்டு தோளையும் ஒப்பிட்டால் பலவீனமான பக்கத்தில் ஒரு பள்ளம் தட்டுப்படும். சிலருக்கு ஒரு விரல் அகலத்துக்கே இருக்கும். இறங்கிய தோள் எல்லாமே வலிக்கும் என்றில்லை. ஆனால் அந்த நிலையில் கையைப் பிடித்து இழுத்தால் மூட்டைச் சுற்றியுள்ள சவ்வும் தசைநாரும் கிழிபடும். அதன் பிறகு வரும் வலி மாதக்கணக்கில் போகாது, வலிக்கு பயந்து அவர் எந்தப் பயிற்சியும் செய்ய மாட்டார்.

இழுப்பது யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. படுக்கையில் கீழே சரிந்துவிட்டவரை மேலே ஏற்றும்போது அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்குகிறோம். உட்கார வைக்கும்போது 'கையைக் குடுங்கப்பா' என்று நீட்டிய கையைப் பற்றுகிறோம். சட்டை மாட்டும்போது நல்ல கையை முதலில் நுழைத்துவிட்டு, மிச்சமிருக்கும் துணியில் வராத கையைத் திருகித் திணிக்கிறோம். முறை இதுதான்: போடும்போது பலவீனமான கை முதலில், கழற்றும்போது அது கடைசியில். முழுக்க முன்பக்கம் திறக்கும் சட்டை, முன்பக்கம் ஜிப் வைத்த நைட்டி இருந்தால் பாதி வேலை குறையும். மேலே ஏற்றுவதற்கு இடுப்புக்கும் முதுகுக்கும் கீழே நான்காக மடித்த பருத்தி வேட்டியை விரித்து வையுங்கள். இருபக்கமும் ஆளுக்கொருவர் நின்று வேட்டியின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்து, சேர்ந்து எண்ணி ஏற்றலாம். தோளைத் தொடவே வேண்டாம்.

உட்கார்ந்திருக்கும்போது கை தொங்கக் கூடாது. மடியில் ஒரு தலையணை வைத்து முழங்கை முதல் விரல் வரை அதில் கிடத்துங்கள். கையைக் கழுத்திலிருந்து தாங்கும் பட்டையான ஆர்ம் ஸ்லிங்கை நிற்கும்போதும் நடக்கும்போதும் போட்டால் போதும். காலையில் மாட்டி ராத்திரி கழற்றினால் கை மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். இன்னொன்று, ஜன்னல் கம்பியில் கயிறும் கப்பியும் கட்டி, நல்ல கையால் இழுத்து மறு கையை உயர்த்துகிற பயிற்சி. கடைகளில் விற்கிறார்கள், சொந்தக்காரர்களும் வாங்கி வந்துவிடுகிறார்கள். கை மேலே போகும்போது முதுகிலிருக்கும் தோள்பட்டை எலும்பும் கூடவே சுழல வேண்டும். கயிறு கையை மட்டும்தான் இழுக்கும், தோள்பட்டையைச் சுழற்றாது. நடுவில் சிக்கிய தசைநார் நசுங்கும். பக்கவாதத் தோளுக்கு அந்தக் கயிறு வேண்டாம்.

அதே கடையில் கிடைக்கும் மஞ்சள் நிற ஸ்மைலி பந்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரில் பக்கவாத நோயாளி இருக்கும் வீட்டில் அந்தப் பந்து இல்லாமல் பார்ப்பது அரிது. 'அமுக்குங்க, அமுக்குங்க' என்று பேரக்குழந்தைகள் முதல் எல்லோரும் சொல்கிறார்கள். பெரும்பாலான நோயாளிகளுக்கு விரல்களை மூடுவது முதலில் வந்துவிடும். வராதது திறப்பது. பந்து, வருவதையே திரும்பத் திரும்பச் செய்யவைக்கிறது. அதைவிட, மேசையில் ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்து, அதைச் சுற்றிக் கை விரிந்து போய்ப் பிடித்து, ஒரு சாண் தள்ளி வைத்து, விரலைத் திறந்து விடுவதைச் செய்யச் சொல்லுங்கள். விடுவதுதான் பயிற்சி. முடியாதபோது நல்ல கையால் உதவிக்கொள்ளட்டும்.

இனி படுக்கை. முதுகுத்தண்டின் அடிமுனை, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, கணுக்கால், பின்தலை, காது மடல். படுக்கைப்புண் வரும் இடங்கள் இவை. எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் தோல் நசுங்கி ரத்த ஓட்டம் நின்றால், சில மணி நேரத்தில் திசு சாக ஆரம்பிக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பச் சொல்வது அதனால்தான். நேராகப் பக்கவாட்டில் 90 டிகிரி திருப்பினால் மொத்த எடையும் இடுப்பெலும்பில் ஏறும். முதுகுப் பக்கம் ஒரு தலையணையைச் சாய்வாகக் கொடுத்து 30 டிகிரி மட்டும் சாய்த்தால், எடை சதைப்பற்றான பிட்டத்தில் விழும். குதிகாலுக்கு, கெண்டைக்காலின் அடியில் நீளவாக்கில் தலையணை வைத்து, குதிகால் காற்றில் நிற்கும்படி விடுங்கள். குதிகாலின் அடியில் தலையணை வைத்தால் மெத்தைக்குப் பதில் தலையணை அழுத்தும், அவ்வளவே. வளையம் போன்ற ரப்பர், காற்றடைத்த டியூப் தலையணை எதுவும் வேண்டாம். வளையத்தின் விளிம்பு சுற்றிலும் ரத்த ஓட்டத்தை நெரித்து, நடுவில் இருப்பதை மேலும் கெடுக்கும்.

தினமும் ஒரு முறையாவது, குளிப்பாட்டித் துடைக்கும்போது, நல்ல வெளிச்சத்தில் இந்த இடங்களைப் பாருங்கள். சிவந்த இடத்தில் விரலால் மூன்று நொடி அழுத்தி எடுங்கள். வெளுத்துப் பிறகு நிறம் திரும்பினால் அந்த அழுத்தம் இன்னும் சேதமாகவில்லை. வெளுக்காமல் அப்படியே இருந்தால் புண் தொடங்கிவிட்டது, தோல் உரியாவிட்டாலும். நம் நிறத்தில் சிவப்பு கண்ணில் படாது என்பதை மறக்கக் கூடாது. கருத்த தோலில் அந்த இடம் சுற்றியுள்ளதைவிடச் சூடாக இருக்கும், கெட்டியாகவோ கொழகொழவென்றோ தட்டுப்படும், சற்று ஊதா கலந்த கருப்பாக மாறும். புறங்கையால் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும். அங்கே எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள், ஏற்கெனவே நசுங்கிய ரத்தக்குழாய்களைத் தேய்த்தால் உள்ளே கிழியும். அந்தப் பக்கம் படுக்கவிடாமல் இருப்பதுதான் மருந்து.

அதிகம் பேர் கவனிக்காத ஒரு காரணம் டிவி. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி மதியம் முழுக்க சீரியல் பார்க்க வைத்துவிடுகிறோம். உடல் அங்குலம் அங்குலமாகக் கீழே சரிகிறது, அடிமுதுகின் தோல் மட்டும் விரிப்போடு ஒட்டிக்கொண்டு அங்கேயே நிற்கிறது. தோலுக்கும் எலும்புக்கும் நடுவே உள்ளது இழுபட்டுக் கிழிகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பியும் முதுகில் புண் வந்துவிட்டது என்று சொல்பவர்களின் வீட்டில் இந்த உயர்த்திய கட்டிலை முதலில் பாருங்கள். உயர்த்தத்தான் வேண்டுமென்றால் முதலில் முழங்கால் பக்கத்துக் கைப்பிடியைச் சுற்றி மடக்கிவிட்டு, பிறகு தலையை உயர்த்துங்கள். சரிவு குறையும்.

பம்ப் வைத்த காற்று மெத்தையான ஏர் பெட் வாங்கிவிட்டால் திருப்ப வேண்டாம் என்று ஒரு நம்பிக்கை உண்டு. ஏர் பெட் அழுத்தத்தை இடம் மாற்றித் தருகிறது, ஒரேயடியாக எடுத்துவிடாது. திருப்புவது தொடர வேண்டும். அதைப் போட்ட விதத்திலும் பிழைகள் நிறைய. கட்டிலின் மெத்தைக்கு மேல்தான் ஏர் பெட், குழாய்கள் கால் பக்கம், பம்ப் கட்டிலின் கால் பக்கச் சட்டத்தில் தொங்க வேண்டும், தரையில் அல்ல. அதன் மேல் ஒரே ஒரு மெல்லிய பருத்தி விரிப்பு, தளர்வாக. ஆனால் நடைமுறையில் ரப்பர் ஷீட், அதற்கு மேல் தடித்த பெட்ஷீட், அதற்கு மேல் மடித்த பழைய புடவை, அதற்கு மேல் டயப்பர் என்று நான்கு அடுக்கு ஏறிவிடும். பிறகு அது வெறும் மெத்தைதான். பம்பில் உள்ள திருகு நோயாளியின் எடைக்கு ஏற்ப வைப்பதற்கு. கெட்டியாக இருந்தால் நல்லது என்று முழுக்கத் திருகி வைத்தால் பலகையில் படுத்த மாதிரி ஆகிவிடும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, அவர் படுத்திருக்கும்போதே ஏர் பெட்டின் அடியில், பிட்டத்துக்கு நேர் கீழே, உள்ளங்கையை மேல்நோக்கி நுழையுங்கள். உங்கள் கைக்கும் அவர் உடலுக்கும் நடுவே குறைந்தது ஓர் அங்குலம் காற்று இருக்க வேண்டும். எலும்பு நேரடியாகக் கையில் தட்டுப்பட்டால் காற்று போதவில்லை, அல்லது எங்கோ ஓட்டை.

மின்சாரம் போனால் பம்ப் நின்றுவிடும், சாதாரண மாடல்களில் சில மணி நேரத்தில் காற்று இறங்கிவிடும். பம்ப் எடுக்கும் மின்சாரம் மிகக் குறைவு, வீட்டு இன்வெர்ட்டர் தாராளமாகத் தாங்கும். ஆனால் அது சொருகியிருக்கும் பிளக் பாயின்ட்டுக்கு இன்வெர்ட்டர் லைன் வருகிறதா என்று முன்கூட்டியே மெயினை அணைத்துப் பாருங்கள். காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் வேறு கதை. 5 லிட்டர் இயந்திரம் 300 வாட்டுக்கு மேல் எடுக்கும், இன்வெர்ட்டர் பேட்டரியை விரைவில் உறிஞ்சிவிடும். அந்த வீட்டில் நிரப்பிய சிலிண்டர் ஒன்று, ரெகுலேட்டரும் ஸ்பேனரும் மாட்டிய நிலையில், எப்போதும் இருக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் இருந்தது நினைவிருக்கும். ஐப்பசி பிறந்ததும் சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு முறை சரிபார்ப்பது, தரைத்தளத்தில் இருப்பவர்கள் நோயாளியை மேல் மாடிக்கு ஏற்ற யார் வீடு, எத்தனை ஆள் என்று பேசி வைப்பது, இரண்டும் வீட்டுச் சிகிச்சையில் சேர்த்திதான்.

கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாற்றுவது அடுத்தது. வாடகைக்கு வரும் கட்டில் மெத்தையும் ஏர் பெட்டும் சேர்ந்து உயரமாகிவிடும். ஓரத்தில் உட்கார்ந்தால் பாதம் தரையில் முழுக்கப் பதிய வேண்டும், முழங்கால் நேர்கோணத்தில் இருக்க வேண்டும். காற்றில் தொங்கினால் எழுந்து நிற்கவே முடியாது. அடியில் அகலமான, ஆடாத ஒரு பலகையை வைக்கலாம். வீல்சேரை நல்ல பக்கத்தில், கட்டிலுக்குச் சற்று சாய்வாகக் கொண்டுவந்து வையுங்கள். இரண்டு பிரேக்கும் போடப்பட்டிருக்கிறதா, கால் வைக்கும் தட்டுகள் மேலே மடக்கியிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். பிறகு அவர் பிட்டத்தை நகர்த்தி ஓரத்துக்கு வரட்டும். பாதங்கள் முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் போகட்டும். உங்கள் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் அவருடைய பலவீனமான முழங்காலை அணைகட்டிப் பிடியுங்கள், அது மடங்கிவிடாமல் இருக்க. கை அவர் இடுப்பில். இடுப்பில் ஒரு அகலப் பெல்ட் கட்டியிருந்தால் அதைப் பிடிக்கலாம். உங்கள் கழுத்தை அவர் கட்டிக்கொள்ள விடாதீர்கள். அவர் விழுந்தால் உங்கள் கழுத்தும் போகும்.

இப்போது முக்கியமான விஷயம். அவர் மேலே எழக் கூடாது, முன்னால் குனிய வேண்டும். மூக்கு கால்விரலுக்கு மேலே வரும் அளவு குனிந்தால் பிட்டம் தானாகக் கிளம்பும். பயத்தில் எல்லோரும் பின்னால் சாய்வார்கள், அட்டெண்டரும் அவரை நேர்மேலே இழுப்பார். இருவரும் எதிரெதிராக இழுத்துக்கொள்கிறார்கள், அட்டெண்டரின் இடுப்பு பிடித்துக்கொள்வது அங்கேதான். 'அப்பா, முன்னாடி குனிங்க, இன்னும் குனிங்க, ஒண்ணு, ரெண்டு, மூணு' என்று சொல்லிச் சேர்ந்து எழுந்து, சிறு சிறு அடியாகத் திரும்பி உட்கார வையுங்கள். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் இது எழுந்து உட்காரும் பயிற்சியாகவும் ஆகிவிடுகிறது. நாளுக்கு எட்டு முறை பாத்ரூமுக்கும் நாற்காலிக்கும் மாறுபவருக்கு எட்டு பயிற்சி இலவசம்.

பாத்ரூம் கதவு நம் அடுக்குமாடிகளின் தீராத தலைவலி. பழைய வீடுகளில் கதவு 2 அடி அகலம், புதியவற்றில் இரண்டரை அடி. பெரியவர்களுக்கான சாதாரண வீல்சேரின் மொத்த அகலம் 25 அங்குலத்துக்குக் குறையாது, தள்ளுபவரின் கை இடுக்கில் நசுங்காமல் போக இன்னும் கொஞ்சம் வேண்டும். சின்னச் சக்கரம் வைத்த கமோட் சேர், அதாவது கழிப்பறை நாற்காலி, அதைவிடக் குறுகலானது, பெரும்பாலும் நுழைந்துவிடும். கடைக்குப் போகும் முன் வாசலின் உள்ளளவை டேப் பிடித்து, கதவு திறந்த நிலையில் கதவின் தடிமன் போக, எடுத்துக்கொள்ளுங்கள். கதவைக் கழற்றி திரை மாட்டினாலே ஒன்றரை அங்குலம் கிடைக்கும். இரண்டு அங்குல வாசற்படி இருந்தால் சாய்தளம் போட மேஸ்திரியிடம் சொல்லலாம். ஆனால் தண்ணீர் ஹாலுக்கு வராமல் ஓட்டத்தைப் பார்த்துப் போடச் சொல்லுங்கள். டவல் மாட்டும் கம்பியைப் பிடித்து எழுவது நூற்றுக்கு நூறு ஆபத்து, அது டைல்ஸோடு பிடுங்கிக்கொண்டு வரும். பிடிகம்பி செங்கல் சுவரில், ஆங்கர் போல்ட் போட்டு, தரையிலிருந்து ஏறக்குறைய 33 முதல் 36 அங்குல உயரத்தில், நல்ல கைப்பக்கம் இருக்க வேண்டும். உங்கள் முழு எடையையும் அதில் தொங்கவிட்டுப் பார்த்த பிறகுதான் நோயாளி தொட வேண்டும். எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் நாளில் கைகால் மட்டுமல்ல, தரையும் வழுக்கும். அது எவ்வளவு பிடித்தமான பழக்கமாக இருந்தாலும் நடை வரும் வரை தலைக்கு மட்டும் எண்ணெய் போதும்.

ஒத்தடம் பற்றி ஒரு வரி: பக்கவாதப் பக்கத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். சுடுகிறதா என்று கேட்டால் இல்லை என்பார், பிறகு கொப்புளம் கிளம்பும். அந்தப் பக்கம் வெந்நீர்ப் பையோ தவிட்டு ஒத்தடமோ கொடுக்காதீர்கள். கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி, சூடாக, வலியோடு இருந்தால் உருவிவிடாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம்.

மூளையின் வலது பாதி பாதிக்கப்பட்டவர்களில் சிலருக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே மனதில் பதியாது. கண் தெரியும், கவனம் போகாது. இலையில் வலது பாதியைச் சாப்பிட்டுவிட்டு 'இன்னும் கொஞ்சம் பொரியல் போடு' என்பார், இடது பாதியில் பொரியல் அப்படியே இருக்கும். பிடிவாதம் என்று வீட்டில் சண்டை வரும். அவர் கட்டிலை இடது பக்கம் அறை திறந்திருக்கும்படி திருப்பிப் போடுங்கள், இடது பக்கம் உட்கார்ந்து பேசுங்கள், டிவியும் அந்தப் பக்கம். ஆனால் அழைப்பு மணியும் தண்ணீர் பாட்டிலும் கண்ணில் படும் வலது பக்கம் இருக்கட்டும், அது பாதுகாப்பு.

உணவில் தண்ணீர்தான் மிகவும் ஆபத்தானது என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. விழுங்கும் தசைகள் தாமதமாக வேலை செய்யும்போது, வேகமாக ஓடுகிற தண்ணீர் மூச்சுக்குழாயில் முதலில் இறங்கிவிடும். கெட்டியான கேழ்வரகுக் கஞ்சி, மசித்த குழைசாதம், கெட்டித் தயிர் மெதுவாகப் போவதால் சமாளிக்கலாம். இரண்டும் கலந்தது இன்னும் மோசம்: ரசம் சாதம், சாம்பாரில் மிதக்கும் இட்லி, பாலில் ஊறிய பன். வாயில் போனதும் நீர் தனியாக, திடம் தனியாகப் பிரியும். பொரி, அப்பளத் தூள், முறுக்கு கூடாது. நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையை லேசாக மார்பை நோக்கி இறக்கி, அரை டீஸ்பூன் அளவு, ஒன்று விழுங்கி முடிந்த பிறகே அடுத்தது. முடிந்ததும் பலவீனமான கன்னத்தின் உட்புறத்தை ஈரத்துணி சுற்றிய விரலாலோ மென்மையான பிரஷ்ஷாலோ சுத்தம் செய்யுங்கள். அரை மணி நேரம் கழித்துக்கூட அங்கே ஒரு கவளம் ஒளிந்திருக்கும், படுத்ததும் அது மூச்சுக்குழாயைத் தேடிப் போகும். இருமல் வந்தால் புரை ஏறுகிறது என்று தெரியும். சிலருக்கு இருமலே வராது, சாப்பிட்ட பிறகு குரல் மட்டும் ஈரமாக, களகளவென்று மாறும். அந்தக் குரலைக் கேட்டால் ஊட்டுவதை நிறுத்தி, எந்தப் பதம் பாதுகாப்பு என்பதைப் பேச்சு-விழுங்கு சிகிச்சையாளரிடம் சோதித்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

மூக்கில் டியூப் போட்டு அனுப்பியிருந்தால், மூக்கின் ஓரத்தில் டியூபில் பேனாவால் போட்ட கோடு எங்கே இருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். கோடு வெளியே நகர்ந்திருந்தால் எதையும் ஊற்ற வேண்டாம், நீங்களாக உள்ளே தள்ளவும் வேண்டாம். தலை 30 முதல் 45 டிகிரி உயரத்தில் இருக்கட்டும், ஊட்டிய பிறகும் ஒரு மணி நேரம் அப்படியே. 50 மில்லி சிரிஞ்சின் பிஸ்டனைக் கழற்றிவிட்டு, வயிற்றுக்கு ஓர் அடி மேலே பிடித்து, தானாக இறங்க விடுங்கள். பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு 200 முதல் 250 மில்லி வழக்கமான அளவு, மருத்துவர் வேறு சொல்லாதவரை. முன்னும் பின்னும் 30 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர். சத்துமாவுக் கஞ்சியை வடிகட்டாமல் ஊற்றுவதாலும், மாத்திரையைக் கரகரப்பாகப் பொடிப்பதாலும் டியூப் அடைக்கும். மெதுவாக வெதுவெதுப்பான தண்ணீரை ஏற்றி இறக்கிப் பாருங்கள், கம்பி எதையும் விடாதீர்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளைப் பொடித்தால் நாள் முழுக்க வர வேண்டிய மருந்து ஒரே நேரத்தில் இறங்கிவிடும். டியூப் போட்ட அன்றே மருந்துச் சீட்டைக் காட்டி, எதைப் பொடிக்கலாம் என்று டாக்டரிடம் குறித்துக்கொள்ளுங்கள்.

யூரின் பேக் எப்போதும் இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல். மாற்றும்போது அதை மடியில் வைப்பதுதான் வழக்கமான தவறு, பையில் இருப்பது திரும்பி ஓடும். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் காலி செய்யுங்கள். நான்கு மணி நேரமாக ஒன்றும் வராமல் அடிவயிறு இறுகினால், குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா பார்த்துவிட்டு உடனே தெரிவியுங்கள். பை ஊதா நிறமாக மாறினால் பயந்துவிட வேண்டாம். மலச்சிக்கலும் சில கிருமிகளும் சேர்ந்தால் அப்படி ஆகும். ஆனால் டாக்டரிடம் சொல்லாமலும் இருக்க வேண்டாம்.

நடக்கத் தொடங்கியவருக்குக் கைத்தடி நல்ல கையில், நேராக நின்று கை தொங்கும்போது மணிக்கட்டு மடிப்பின் உயரத்துக்கு. அடியிலுள்ள ரப்பர் தேய்ந்துவிட்டால் மொசைக் தரையில் கண்ணாடியாக வழுக்கும். விலை கொஞ்சம்தான், மாதம் ஒரு முறை திருப்பிப் பாருங்கள். துணைக்கு நிற்பவர் பலவீனமான பக்கம், அரை அடி பின்னால். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பலவீனமான கால் முதலில். காலுக்குப் பாதத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் ஸ்பிளின்ட் கொடுத்திருந்தால் அதை வெறுமனே தரையில் வைத்து நடக்க முடியாது, செருப்போ ஷூவோ வேண்டும். வீட்டுக்குள் செருப்பா என்று பாட்டிகள் முகம் சுளிப்பார்கள். வெளியே போகவே போகாத ஒரு புது ஜோடியை வாங்கி வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது.

அட்டெண்டர்களைப் பற்றி. நான் பார்க்கிற வகையில் வீட்டுச் சிகிச்சை தோற்கும் இடம் பயிற்சி அல்ல, இவர்களின் நேரம். நோயாளியைப் பார்க்க வந்தவரிடம் பாத்திரம் தேய், துணி உலர்த்து, கடைக்குப் போய் வா என்று சொல்லிவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பவில்லையே என்று கோபப்படுவதில் நியாயமில்லை. இரவு ஷிப்டில் இருப்பவருக்குப் படுக்க இடமும், சாப்பிட நேரமும், தனி டம்ளரில் அல்லாமல் வீட்டு டம்ளரில் காபியும் கொடுங்கள். 70 கிலோ எடையைத் தனி ஒரு பெண் தூக்குவார் என்று எதிர்பார்க்காதீர்கள், இரண்டாவது ஆளாக வீட்டில் யார் வருவார் என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். பிசியோ வரும்போது அட்டெண்டரையும் கூட நிற்க வைத்து, மாற்றும் முறையை அவரைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். மகனோ மகளோ கற்றுக்கொண்டால் போதாது, கையைப் போடப்போவது அவர்.

செலவு தாங்காத வீடுகளுக்கு: தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்டது. படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே பிசியோதெரபியும் வலி நிவாரணப் பராமரிப்பும் அதில் உண்டு. உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியலாம். செயற்கைக் கால், காலைத் தாங்கும் காலிப்பர் போன்றவற்றுக்கு சென்னை கே.கே.நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. குறைபாடு நிலையாகிவிட்டால் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள், உபகரண உதவிகளுக்கு அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

கடைசியாக ஒரு நோட்டு. நாற்பது பக்க நோட்டு போதும், கட்டிலின் தலைமாட்டில் பேனாவோடு கட்டி வையுங்கள். எத்தனை மணிக்குத் திருப்பினேன், எந்தப் பக்கம், எவ்வளவு உணவு, எவ்வளவு சிறுநீர், மலம் போனதா, பிரஷர் எவ்வளவு, தோலில் எங்கே மாற்றம். எட்டு மணிக்கு ஷிப்ட் மாறும்போது இருவரும் சேர்ந்து கட்டிலருகே நின்று அதைப் படித்து, தோலை ஒன்றாகப் பார்த்து, கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் செருப்பை மாட்டிக்கொண்டே 'எல்லாம் நார்மல்' என்று சொல்லிவிட்டுப் போகும் மாற்றம் மாற்றமே அல்ல.

அந்த நோட்டில் 'விழித்தார், பேசினார், நன்றாக இருக்கிறார்' என்ற வரியையும் நேரத்தோடு எழுதச் சொல்லுங்கள். ஒரு முறை பக்கவாதம் வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு அதிகம். முகம் புதிதாகக் கோணினால், நல்லபடி இருந்த கை துவண்டால், பேச்சு குழறினால், 108-ஐ அழையுங்கள். வாயில் எதுவும் கொடுக்காதீர்கள். ரத்த உறைவைக் கரைக்கும் ஊசிக்கு நான்கரை மணி நேரம்தான் கெடு. அந்தக் கெடு நீங்கள் பார்த்த நேரத்திலிருந்து அல்ல, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து கணக்கிடப்படும். அவசரப் பிரிவில் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி அதுதான், நோட்டை எடுத்துக்கொண்டு ஏறுங்கள்.

நன்றி, வணக்கம்.